சனிக்கிழமை மட்டும் வரும் நாற்றம்

தேவதாஸின் வீட்டில் சனிக்கிழமை சாயங்காலங்களில் மட்டும் ஒரு நாற்றம் வந்தது.

வாரத்தின் மற்ற நாட்களில் மூக்கை நீட்டிக்கொண்டு தேடினாலும் கிடைக்காது. சனிக்கிழமை சாயங்காலம் அவனும் மனைவி எலிசாவும் கீழ்த்தளத்து கெஸ்ட் ரூமில், பெரிய மானிட்டருக்கு முன்னால் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு, வெனிஸ் பயணத்தைத் திட்டமிட உட்காருவார்கள். சற்று நேரத்தில் அது வந்துவிடும். முதலில் ஒரு சந்தேகம்போல. பிறகு, அழுகிய முட்டையை ஈரச் சாக்கில் சுற்றி யாரோ கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் போனதுபோல. தேவதாஸுக்கு வாயெல்லாம் உமிழ்நீர் ஊறும். எழுந்து ஓடிப்போய்ப் பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு, புல்வெளியில் நின்று மூச்சு வாங்குவான்.

அவன் தேடாத இடமில்லை. குப்பைத் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தான். சிங்குக்கு அடியில் கழிவை அரைக்கிற மெஷினுக்குள் கையுறை போட்டு விரலை விட்டு, என்றைக்கோ சிக்கி நார் நாராகக் கறுத்துப்போயிருந்த முருங்கைக்காய்ச் சக்கையை எடுத்தான். எடுத்த கையோடு ஓங்கரித்தான். ஃப்ரிட்ஜை நகர்த்தி அதன் அடித்தட்டைத் துடைத்தான். கூரைக்கடியில் இருக்கும் அட்டிக்கில் எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று டார்ச்சோடு ஏறி, அங்கே பரப்பியிருந்த கண்ணாடிப் பஞ்சு உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டு அரித்ததுதான் மிச்சம். மகள் ஜெபினாவின் டென்னிஸ் ஷூக்களைப் பையில் போட்டு இறுக்கிக் கட்டி கராஜுக்கு நாடு கடத்தினான். ஒரு புதன்கிழமை பிளம்பர் வந்தார். சமையலறைக் குழாய்களைத் தட்டிப் பார்த்தார், மூக்கை உறிஞ்சினார், என் வீட்டைவிட உங்கள் வீடு நன்றாகத்தான் மணக்கிறது என்று சிரித்துவிட்டுப் போனார். புதன்கிழமை வந்தால் அப்படித்தான் மணக்கும்.

"வெனிஸ்னு டைப் பண்ணினாலே நாறுது எலிசா. கம்ப்யூட்டருக்கே தெரிஞ்சிருக்கு" என்றான் ஒருநாள்.

எலிசா சிரிக்கவில்லை. அவளுக்கு அந்த நாற்றம் தெரியாது. எந்த நாற்றமும் தெரியாது. கோவிட் வந்துபோன குளிர்காலத்தில் அவளுடைய மூக்கு போயிற்று. காய்ச்சல் போனது, இருமல் போனது, மூக்கு மட்டும் திரும்பி வரவில்லை. ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. நாக்கு தனியாக நின்றால் அதற்கு உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு என்று சில்லறைச் சங்கதிகள்தான் தெரியும். அதனால் காப்பி அவளுக்குக் கசப்பான வெந்நீர். மீன் குழம்பு உப்பும் எரிச்சலும். ஹூஸ்டன் மெடிக்கல் சென்டரில் ஸ்கேன் எடுக்கிற வேலை அவளுக்கு. நாள் முழுக்கக் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்ப்பவள். வீட்டில் அவளுக்கு மூக்கு தேவதாஸ்தான். பால் திரிந்ததா, மாவு புளித்ததா, ஹில்கிராஃப்ட் தெருவின் இந்தியக் கடையில் வாங்கிய மீன் நேற்றையதா என்றெல்லாம் அவன் முகத்துக்கு நேரே நீட்டுவாள். அவன் முகர்ந்து தலையாட்டினால் அடுப்பில் ஏறும், முகத்தைச் சுளித்தால் குப்பைக்குப் போகும். அவனுடைய சுளிப்பை அவள் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

வெனிஸும் அவள் ஆசைதான். "சாப்பாடு போச்சு, மல்லிப்பூ போச்சு. எனக்கு மிச்சம் இருக்கிறது கண்ணு மட்டுந்தாங்க. அதுக்கு எதாச்சும் காட்டுங்க" என்றாள். கல்யாணமான புதிதில் ஆசைப்பட்டது. அப்போது விசா ஸ்டாம்பிங் பயம், வெளியே போனால் திரும்பி உள்ளே விடுவார்களா என்று. பிறகு கிரீன் கார்டுக்குக் காத்திருந்ததில் வயதே போயிற்று. போன வருடம் சிட்டிசன்ஷிப் வந்தது. இந்த மார்ச்சில் ஜெபினா டென்னிஸ் கேம்ப்புக்குப் போகிறாள். அந்த வாரத்தில் தாங்கள் இரண்டு பேர் மட்டும் போய்வருவது என்று பேச்சு. விமானம் பார்த்தாகிவிட்டது. கால்வாயைப் பார்த்த ஜன்னல் வைத்த ஒரு அறையைப் பிடித்து வைத்தாகிவிட்டது. உறுதி செய்ய வேண்டியதுதான் பாக்கி.

அந்தப் பாக்கியில்தான் தேவதாஸ் மாட்டிக்கொண்டான். ஒரு ஊருக்குப் போவதென்றால் அந்த ஊர் எப்படி இயங்குகிறது என்று படித்துவிட்டுப் போவது அவன் வழக்கம். கண்ணாடிப் பட்டறை, மணிக்கூண்டு, பாலம் எல்லாவற்றையும் தாண்டி அவன் நேராகக் கழிவறைக்குப் போனான். மரக்கட்டைகளைச் சேற்றில் அறைந்து அதன்மேல் கட்டிய ஊரில் சாக்கடையை எங்கே புதைப்பார்கள்? பல இடங்களில் புதைக்கவில்லை. பழைய வீடுகளுக்கு அடியில் செங்கல் வைத்துக் கட்டிய சுரங்க வாய்க்கால்கள் இருக்கின்றன. கழிவு அதற்குள் இறங்கும். கெட்டியானது அடியில் தங்க, தண்ணீராக இருப்பது நேரே கால்வாய்க்கு. நாளுக்கு இரண்டு தடவை கடல் ஏறி இறங்கி அதை அலசிக்கொண்டு போகும். புதிய கட்டடங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் தொட்டி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் நூற்றாண்டுகளாக ஒரு ஊரையே கடல்தான் ஃப்ளஷ் செய்துகொண்டிருக்கிறது. படித்ததும் அவனுக்குப் புல்லரித்தது. என்ன சாமர்த்தியம் என்று வியந்தான். அடுத்த கணம், அந்தத் தண்ணீரில் துடுப்பு போடும்போது தெறிக்கும் துளி உதட்டில் படுவதை நினைத்தான். எழுந்துபோய் வாய் கொப்பளித்தான்.

அதற்குப் பிறகு அவனால் எந்தப் படத்தையும் நேராகப் பார்க்க முடியவில்லை. எலிசா பொன்னிறமாக மின்னும் தண்ணீரைக் காட்டினாள். அவன் மினுமினுப்புக்குக் கீழே பார்த்தான். ஒரு ஜோடி படகில் முத்தமிட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பையன் கையைத் தண்ணீரில் அளைந்துகொண்டிருந்தான். "அந்தக் கையை அவன் கழுவினானா இல்லையா? அதே கையால அவ கன்னத்தைத் தடவுறான் பாரு. த்தூ!" என்றான் தேவதாஸ்.

"தூத்துக்குடியில பக்கிள் ஓடைச் சாக்கடை ஓரமா டியூஷன் போயிட்டு இருந்தவர்தானே நீங்க? அப்ப வராத குமட்டல் இப்ப எங்கருந்து வந்துச்சு?"

"அப்பவும் வந்துச்சு. மூக்கைப் பிடிச்சிட்டுத்தான் போவேன். அதுக்கு யாரும் ஜன்னல் வச்சு ரூம் விடலையே!"

போன சனிக்கிழமை அதுதான் சண்டையாக முற்றியது. அறையை உறுதி செய்யும் பொத்தானுக்கு மேலே எலிசாவின் விரல் நின்றுகொண்டிருந்தது. "போடட்டுமா?" என்றாள். அந்த நேரம் பார்த்து நாற்றம் கட்டிலைச் சுற்றி எழுந்து வந்து அவன் முகத்தில் அறைந்தது. அவன் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தான். எலிசா விரலை எடுத்துவிட்டாள்.

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. எதுக்குங்க இந்த டிராமா?"

"டிராமாவா? நாறுது எலிசா! நிஜமா நாறுது!"

"நான் வெனிஸைத் திறந்தா நாறுது. நீங்க ஃபுட்பால் மேட்ச் திறந்தா நாறல. எனக்கு மூக்கு இல்லைங்கிறதால என்ன வேணா சொல்லலாம்னு நினைக்கிறீங்களா?"

அவன் மாடிப்படியில் நின்று மகளைக் கூப்பிட்டான். "ஜெபி! கொஞ்சம் இறங்கி வாம்மா. இங்க ஸ்மெல் வருதா பாரு!"

ஜெபினா கையில் டிஷ்யூ சுருளோடு வந்து நின்றாள். டெக்சாஸில் ஓக் மரங்கள் மகரந்தத்தைக் கொட்டுகிற காலம். கார்களெல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தன, அவளுடைய மூக்கு அடைத்துச் சிவந்திருந்தது. "டாட், மை நோஸ் இஸ் சிமென்ட். ஆஸ்க் சம்படி எல்ஸ்" என்று தும்மிவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

"அடுத்த சனிக்கிழமை வரைக்கும்தான் அந்த ரூமைப் பிடிச்சு வச்சிருப்பாங்க" என்றாள் எலிசா. குரல் உயரவில்லை. "அதுக்குள்ள நீங்க சொல்லலன்னா நான் மானஸாவைக் கூட்டிட்டுப் போறேன். அவளுக்கு லீவு இருக்கு." மானஸா அவளோடு மெடிக்கல் சென்டரில் வேலை பார்ப்பவள்.

அந்த வாரம் முழுக்க அவள் எதையும் அவன் மூக்குக்கு நீட்டவில்லை. பாலை எடுத்தாள், டப்பாவில் இருந்த தேதியைப் பார்த்தாள், சிங்கில் கொட்டினாள். நல்ல பால். அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். "நல்லாத்தான் இருக்கு, நான் பாத்து சொல்லியிருப்பேனே" என்றான். "தேதி பொய் சொல்லாது" என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள். வெள்ளையாகச் சுழன்று இறங்கிய பாலைப் பார்த்துக்கொண்டு அவன் நின்றான். வெனிஸ் போனால் போகட்டும். தன் மூக்கை அவள் நம்பாமல் போனது அவனால் தாங்கக்கூடியதாக இல்லை. அந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று காட்டினால் ஒழிய அந்த நம்பிக்கை இனி திரும்பி வராது என்றும் தெரிந்தது.

சனிக்கிழமை வந்தது. வழக்கம்போல எலிசா மீன் பொரித்தாள். வாரத்துக்குத் தேவையானதைச் சனிக்கிழமை மத்தியானமே சமைத்து டப்பாக்களில் அடைத்து வைப்பது அவர்கள் வீட்டு முறை. சீலா மீன் துண்டுகள் மசாலாவோடு சீறிக்கொண்டிருந்தன. அடுப்புக்கு மேலே புகையை இழுக்கும் ஹூட் உறுமிக்கொண்டிருந்தது. வீட்டைப் புதுப்பித்தபோது, ஹூஸ்டனை ஒட்டிய ஷுகர் லேண்டில் நம்மவர்கள் வீடுகளில் முதலில் மாற்றுவதைத்தான் அவர்களும் மாற்றினார்கள். அமெரிக்காக்காரன் வைத்திருந்த பொம்மை ஹூட்டைப் பிடுங்கிவிட்டு, ஹோட்டல்களில் இருக்கிற மாதிரி பலமானது ஒன்றை வைத்து, தாளிப்புப் புகையைக் கூரைக்கு வெளியே துப்புகிற மாதிரி குழாய் போட்டார்கள். கார்ப்பெட்டில் மீன் வாடை ஏறினால் தேவதாஸால் தாங்க முடியாது என்பதால் வாங்கியது.

அவன் கெஸ்ட் ரூமில் தனியாக உட்கார்ந்து வெனிஸைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தான். உண்மையைச் சொன்னால், அவளைத் தடுத்து நிறுத்துகிற மாதிரி அருவருப்பான தகவல் ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தான். கிடைத்தது வேறு. அந்த ஊரில் எப்போது அதிகம் நாறும் என்று ஒருவர் விளக்கியிருந்தார். தண்ணீர் நிறைந்திருக்கும்போது அல்ல, தண்ணீர் வற்றும்போது. செங்கல் வாய்க்கால்களின் வாய் கால்வாய்ச் சுவரில் தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கிறது. தண்ணீர் அந்த வாயை மூடியிருக்கும்வரை உள்ளே தேங்கிய கெட்ட காற்று வெளியேற வழியில்லை. கடல் வழக்கத்துக்கு மேல் உள்வாங்கிவிட்டால் வாய் திறந்துகொள்ளும், ஊர் மூக்கைப் பொத்திக்கொள்ளும்.

தேவதாஸ் அந்த வரியைத் திரும்பப் படித்தான். தண்ணீர் அங்கே அழுக்கு மட்டுமல்ல, மூடியும் அதுதான்.

அப்போது நாற்றம் வந்தது.

இந்தத் தடவை அவன் ஓடவில்லை. நாக்கை மேலண்ணத்தில் அழுத்திக்கொண்டு, மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, தரையோடு தரையாகக் குனிந்து அது வருகிற திசையில் போனான். கெஸ்ட் ரூமை ஒட்டிய குளியலறை. எலிசாவின் அப்பா அம்மா ஆறு மாதம் தங்கியிருந்துவிட்டு நவம்பரில் ஊருக்குத் திரும்பியபிறகு அதை யாரும் தொடவில்லை. எலிசா தேய்த்துக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, கதவைச் சாத்திவிட்டாள். சுத்தமான இடம் என்று அவனும் அதைச் சந்தேகப்படவில்லை. பளபளவென்றிருந்த அந்தக் குளியலறைக்குள் போய், ஷவருக்கு அடியில் மண்டியிட்டு, வடிகாலின் சல்லடை மூடிக்கு மேலே முகத்தை வைத்தான். ஊரின் குடலுக்குள் தலையை விட்டதுபோல இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு போனின் வெளிச்சத்தை உள்ளே அடித்தான்.

வடிகால் குழாய் தரைக்கு அடியில் நேராகப் போவதில்லை. கீழே இறங்கி, மேலே வளைந்து, பிறகுதான் சாக்கடைக்குப் போகும். அந்த வளைவில் குளித்த தண்ணீர் கொஞ்சம் எப்போதும் தங்கி நிற்கும். அதுதான் மூடி. வீட்டில் ஒவ்வொரு சிங்குக்கும் ஒவ்வொரு குளியல் தொட்டிக்கும் இந்த வளைவு இருக்கிறது. நாம் தினமும் புழங்குவதால் அது தினமும் நிரம்புகிறது, நமக்கு அது இருப்பதே தெரிவதில்லை. இந்த வளைவில் வெளிச்சம் பட்டு மின்ன ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் ஏசி காற்றில் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போயிருந்தது. சாக்கடைக்கும் கெஸ்ட் ரூம் கட்டிலுக்கும் நடுவே எதுவும் இல்லை.

ஆனால் ஏன் சனிக்கிழமை மட்டும்? மண்டியிட்டபடியே யோசித்தான். சாக்கடைக் காற்று பொதுவாகக் கூரையில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் வழியாக மேலே போய்விடும். அதை வீட்டுக்குள் யாராவது இழுத்தால்தான் இங்கே வரும். சமையலறையிலிருந்து அந்த உறுமல் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. ஒரு எரிசக்திக் கம்பெனியில் அழுத்தமானிகளோடு மல்லுக்கட்டுகிறவன் அவன். தன்னையே ஓங்கி அறைந்துகொள்ளலாம்போல் இருந்தது. ஜன்னலே திறக்காத டெக்சாஸ் வீடு. அதிலிருந்து அவ்வளவு காற்றைக் கூரைக்கு மேலே துப்பினால், அதே அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். வருவதற்குத் தடையில்லாத ஓட்டை இது ஒன்றுதான்.

அவன் சமையலறைக்குப் போனான். மீன் பொரித்து முடிந்திருந்தது. அடுப்பு அணைந்திருந்தது. ஹூட் மட்டும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"இது ஏன் இன்னும் ஓடுது?"

எலிசா டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "வாடை போயிடுச்சான்னு எனக்கு எப்படிங்க தெரியும்? உங்களுக்குத்தான் மீன் வாடை ஆகாதே. அதான் ராத்திரி சாப்பாடு வரைக்கும் ஓடட்டும்னு விடுறது" என்றாள் திரும்பாமலே.

தேவதாஸ் ஹூட்டை அண்ணாந்து பார்த்தான். "ஒரு மெழுகுவர்த்தி எடுத்துட்டு வா" என்றான்.

"எதுக்கு? ஜெபம் பண்ணப் போறீங்களா?"

"வாயேன். உனக்கு ஒண்ணு காட்டணும். மூக்கு வேண்டாம், கண்ணு போதும்."

அவள் நம்பாத முகத்தோடு வந்தாள். அவன் மெழுகுவர்த்தியை ஏற்றி, ஊதி அணைத்து, புகையும் திரியை ஷவர் வடிகாலுக்கு மேலே பிடித்தான். புகை அமைதியாக மேலே போகவில்லை. கீழிருந்து யாரோ ஊதுவதுபோலச் சிதறி, அறைக்கதவின் பக்கம் சாய்ந்து ஓடியது. எலிசா சற்றுக் குனிந்தாள்.

"இப்ப போய் ஹூட்டை நிறுத்திட்டு வா."

அவள் போனாள். உறுமல் அடங்கியது. புகை மெல்லத் தள்ளாடி, நிமிர்ந்து, ஒரு நூல்போல நேராக மேலே ஏறியது. அவள் கதவருகே நின்று அதைப் பார்த்தாள். பிறகு அவன் சொல்லாமலே திரும்பிப் போய் ஹூட்டைப் போட்டாள். அணைந்துபோகும் திரியை அவன் ஒவ்வொரு தடவையும் ஏற்றி ஊதினான். வந்து பார்த்தாள். புகை சிதறி ஓடியது. போய் நிறுத்தினாள். வந்தாள். நேராக நின்றது. நோயாளியின் ஸ்கேனில் ஒரு நிழலைப் பார்த்துவிட்டு, அது நிஜமா என்று வேறு கோணத்தில் மறுபடி எடுத்துப் பார்ப்பவளைப்போலப் பார்த்தாள்.

"அப்ப நிஜமாவே நாறிச்சா?"

"நாறிச்சு. இப்பவும் நாறுது. நீ வாசல்ல நிக்கிற, நான் அதுக்கு நேர் மேல உட்கார்ந்திருக்கேன். வாந்தி எடுக்காம பேசிட்டிருக்கேனே, அதைப் பாராட்டு."

"நான்தான் இதை இழுத்து உங்க மூஞ்சில விட்டுட்டு இருந்தேனா? வாரா வாரம்?"

"எனக்காகத்தானே விட்ட."

எலிசா சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "டிராமான்னு சொல்லிட்டேனே! பாவம், மனுஷன் வாரா வாரம் சாக்கடையை மோந்துட்டு இருந்திருக்காரு!"

அவன் எழுந்து கால் கழுவினான், முகம் கழுவினான், பிறகு கையை இரண்டு தடவை கழுவினான். கெஸ்ட் ரூமில் மானிட்டர் இன்னும் திறந்திருந்தது. பொன்னிறத் தண்ணீர், படகு, பாலம். அதைப் பார்க்கும்போது இப்போதும் அவனுக்கு வாயில் எச்சில் ஊறியது.

"எலிசா, நான் பொய் சொல்ல விரும்பல. அந்தத் தண்ணி எனக்கு இன்னமும் அருவருப்பாத்தான் இருக்கு. படகுல ஏறினாலும் நடுவுல உட்காருவேன். கையைக் கோட்டுப் பையை விட்டு எடுக்க மாட்டேன்."

"உங்களை யாரு கையை அளையச் சொன்னா? நீங்க அருவருப்பைப் பாத்துக்கோங்க, நான் அழகைப் பாத்துக்கிறேன். ஆளுக்கு ஒண்ணு."

"அந்த ஊர்ல கடல் எப்ப எவ்வளவு ஏறும் இறங்கும்னு முன்கூட்டியே போடுறாங்க. நாம போற நாள்ல ரொம்ப வத்தலன்னா போதும்."

"பாத்தீங்களா?"

"பாத்துட்டேன். வத்தாது."

"அப்ப போடுங்க."

அவன் நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டே, பொத்தானை அழுத்தினான். உறுதியானதாகத் திரையில் செய்தி வந்தது. எலிசா மானஸாவுக்கு போன் போட்டு, "ஸாரிடி, என் ஆளு வர்றாரு" என்றாள்.

பிறகு இரண்டு பேரும் குளியலறைக்குத் திரும்பினார்கள். சாக்கடைக் காற்று வீட்டுக்குள் வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான், அவள் செய்தாள். யாரும் குளிக்காத குளியலறையின் வடிகாலில் மாதம் ஒரு தடவை ஒரு மக் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதன்மேல் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. ஹூட் ஓடும்போது சமையலறை ஜன்னலை நான்கு விரல் அகலம் திறந்து வைத்தால், அது கேட்கிற காற்று அங்கிருந்து வந்துவிடும்.